தவளையை எழுதியவர்கள்



மழை பிடித்துக்கொண்டால் நம் தபால் பெட்டியின் குணமே மாறிவிடும். அரசியல் கோபங்கள் குறையும். கிணறு நிரம்பியது, ஓடு ஒழுகியது, வாசலில் பாம்புச் சட்டை கிடந்தது என்று கடிதங்கள் வரத் தொடங்கும். இந்த மாதம் தென்காசியிலிருந்து ஒரு வாசகி, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த தவளையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "இது யாருமே பார்க்காத புதுத் தவளை என்கிறாள் என் பேத்தி. நீங்கள் சொன்னால்தான் நம்புவாளாம்" என்று கூடவே ஒரு குறிப்பு.

பேத்திக்கு ஏமாற்றம்தான். பழுப்பு மேனி, ஒட்டிய இடுப்பு, விரல் நுனியில் சின்னச் சின்ன வட்டத் தட்டு, தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளி. வீடுகளில் தேரை என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேயர் 1830-லேயே அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திவிட்டார். சுண்ணாம்புச் சுவரில் பல்லியைப் போல ஏறுவதால் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் அதை ‘சுனாம் தவளை’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது: "அப்போ நிஜமாவே புதுசா ஒண்ணு இருந்தா, அது புதுசுன்னு எப்படித் தெரியும்?"

இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. ஆகவே இந்த இதழில் என் பக்கத்தை அந்தச் சிறுமிக்கே கொடுத்துவிடுகிறேன். தலையங்கம் எதிர்பார்த்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தென்காசியிலிருந்து மலைத்தொடரை ஒட்டியே வடக்கே போனால் ஆனைமலை. அங்கே வால்பாறைப் பக்கம் ஆண்டிப்பாறை என்றொரு சோலைக்காடு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கிளைக்குக் கிளை தாவிச் சறுக்கும் பெரிய பச்சைத் தவளை ஒன்றை, சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1870-ல் விவரித்திருந்தார். கை கால் விரல்களுக்கு நடுவே அதற்குச் செக்கச் சிவந்த சவ்வு. காற்றில் விரித்தால் குடை. ஆண்டிப்பாறையில் கிடைத்த தவளையும் பார்வைக்கு ஏறத்தாழ அதே மாதிரிதான். ஆனால் ஆள் சற்றுச் சிறியது. சவ்வில் சிவப்புக்குப் பதில் மஞ்சளும் ஆரஞ்சும். இளசாக இருக்கும்போது முதுகு முழுக்கக் கறுப்புக் கோடுகள் வலை பின்னியது போல ஓடுகின்றன. வளர வளர மங்கிப் போகின்றன.

சிக்கல் இங்கேதான். இது ஜெர்டனின் தவளையே, ஊருக்கு ஊர் நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றும் சொல்லலாம். இது வேறு, அது வேறு என்றும் சொல்லலாம். முதல் பதிலுக்கு உழைப்பே தேவையில்லை. பார்த்தவர்கள் பலரும் அப்படியே நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள். கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் குமார் தத்தாவும் இரண்டாவது பதிலைச் சொன்னார்கள். சொன்னால் போதாது, நிறுவ வேண்டும். 2000-ல் அவர்களுடைய கட்டுரை ‘ஹமட்ரியாட்’ இதழில் வந்தது. மாமல்லபுரம் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் பல முறை போயிருப்பீர்கள். அதை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து வந்த இதழ்தான் அது. ‘ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ்’ என்ற பெயரோடு தமிழ்நாட்டுக் காட்டுத் தவளை ஒன்று உலகத் தவளைப் பட்டியலில் ஏறியது அப்படித்தான். பின்னாளில் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் பட்டியலிடப்பட்டது.

நிறுவுவது எப்படி என்பதை இனிச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது.

முதலில் காது. வாயால் கெடுவதாகத் தவளையைப் பழிக்கும் பழமொழி நம்மிடம் உண்டு. மரத்தவளை தேடிப் போகிறவர்கள் முழுக்க முழுக்க அந்த வாயை நம்பித்தான் போகிறார்கள். மழை விட்ட இரவு, நெற்றியில் விளக்கு, காலுறைக்கு மேல் அட்டை. கட்டைவிரல் அளவுகூட இல்லாத புதர்த்தவளை ஒன்று, ஆள் உயரச் செடியில் உட்கார்ந்துகொண்டு ‘டிக் டிக்’ என்று கூப்பிடும். விளக்கைத் திருப்பினால் நிறுத்திவிடும். அதன் கூப்பாட்டை ஒலிவாங்கியில் பதிவு செய்யும்போதே காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர் கூடினால் தவளையின் தாளம் மெதுவாகும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஒரே தவளையின் இரண்டு இரவுகள் இரண்டு இனங்களாகத் தோன்றிவிடும். ஆண் தவளை கூப்பிடுவது தன் இனத்துப் பெண்ணை. ஆகவே கூப்பாடு வேறாக இருந்தால் அவற்றுக்குள் கலப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. மனிதக் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு தவளைகளைப் பல சமயம் பிரித்துக் காட்டியது இந்தக் காதுதான்.

அடுத்தது நிறம். நிறத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளோடு போன முதல் கப்பல் கூட்டத்தின் தலைமை மருத்துவர் ஜான் வைட். 1790-ல் வெளிவந்த அவருடைய பயண நூலில் ஒரு மரத்தவளை வருகிறது. நல்ல இலைப்பச்சைத் தவளை அது. ஆனால் அவர் நூல் வைத்த லத்தீன் பெயர் ‘நீலத் தவளை’. சாராயத்தில் ஊறவைத்த தவளையைப் பார்த்து எழுதிய விளைவு. தவளையின் தோலில் மேலே மஞ்சள் நிறமி, அடியில் நீல ஒளியைத் திருப்பும் படிகங்கள்; இரண்டும் சேர்ந்துதான் பச்சை. சாராயம் மஞ்சளைக் கரைத்துவிடும், நீலம் மிஞ்சும். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தப் பச்சைத் தவளை நீலத் தவளை என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. முதலில் வைத்த பெயருக்கே முதல் உரிமை என்பது விதி. பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. புதர்த்தவளைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே இனத்தில், ஒரே புதரில், ஒன்று பழுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று முதுகில் வெள்ளைக் கோடு போட்டது. நிறத்தை மட்டும் நம்புகிறவர் ஒரே ராத்திரியில் நாலு புது இனம் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு அளவு. வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு மூக்கு நுனியிலிருந்து குதம் வரை, கண்ணின் அகலம், செவிப்பறை, நாசிக்கும் கண்ணுக்கும் இடைவெளி, தொடை, கெண்டைக்கால், ஒவ்வொரு விரல், விரல் நுனித் தட்டு என்று மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். சவ்வுக்கென்று தனிக் கணக்கு: எந்த விரலில் எத்தனை எலும்புக் கணு சவ்வுக்கு வெளியே நிற்கிறது என்று எண்ணிச் சூத்திரம் போலப் போடுவார்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தில் பல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தசையில் ஒரு துணுக்கை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். உலகமெங்கும் தவளைக்காரர்கள் ஒப்பிடப் பயன்படுத்தும் 16எஸ் என்ற மரபணுப் பகுதியைப் படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவிட்டால், நாளைக்கு யாரும் சரிபார்க்கலாம்.

இதில் கசப்பான இடம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் சிறுமிக்குப் பொய் சொன்னதாகும். சில தவளைகள் சாக வேண்டும். அவற்றில் ஒன்றை அந்தப் பெயருக்கே உரிய மூல மாதிரி என்று அறிவித்து, எண் கட்டி, அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் பெயர் எதைக் குறிக்கிறது என்று அந்த ஒற்றைத் தவளைதான் சாட்சி சொல்லும். படம் மட்டும் போதாதா என்று கேட்கிறவர்கள் அறிவியலாளர்களிலேயே இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் படத்தின் வாயைத் திறந்து பல் பார்க்க முடியாது என்ற பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இத்தனையும் முடிந்த பின்தான் பெரிய வேலை: ஒப்பீடு. இதுவரை பெயரிடப்பட்ட உறவினங்கள் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்து, இது அதுவல்ல, ஏன் அல்ல என்று எழுத வேண்டும். நம் மலைத் தவளைகளின் மூல மாதிரிகள் பல லண்டனில் இருக்கின்றன. ஆகவே மூணாற்றுத் தவளைக்காக லண்டனுக்கு விமானம் ஏற வேண்டிவரும். சத்தியபாமா தாஸ் பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுயிட்டும் 2009-ல் இப்படி ஒரு பெருங்கட்டுரை எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் புதர்த்தவளைகளின் பழைய பெயர்க் குழப்பங்களைத் தீர்த்து, கூடவே 12 புதிய இனங்களையும் விவரித்தார்கள். ஐந்தே ஆண்டில், 2014-ல், எஸ். பி. விஜயகுமாரும் கூட்டாளிகளும் அதே மலைத்தொடரிலிருந்து மேலும் 9 புதர்த்தவளைகளைச் சேர்த்தார்கள். தோட்டம், அணை, சாலை, ரிசார்ட் என்று நாம் குடைந்து பார்த்தாகிவிட்டது என்று நினைக்கும் மலை இது.

பத்திரிகைக்காரனான எனக்கு இந்தக் கதையில் தனிப் பாசம் வரக் காரணமான ஒரு மனிதரை இப்போது அறிமுகப்படுத்துகிறேன். சி. ஆர். நாராயண ராவ். 1882-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் துறையை உருவாக்கியவர். 1932-ல் தொடங்கிய ‘கரண்ட் சயன்ஸ்’ இதழின் முதல் ஆசிரியர். இதழ் நடத்திக்கொண்டே, மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, தவளைகளை எழுதினார். 1937-ல் தென்னிந்தியத் தவளைகளில் புதியவை என்று அவர் வெளியிட்ட கட்டுரையில் இனங்கள் வரிசையாக வருகின்றன. மூல மாதிரிகளைக் கல்லூரியின் சேகரிப்பில் பத்திரமாக வைத்தார்.

அவை இன்று இல்லை. தொலைந்துவிட்டன. சாட்சி போய்விட்டது, மிச்சம் இருப்பது அவர் எழுதிய எழுத்து மட்டும். பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு காடு காடாகத் திரிந்து, ராவ் சொன்ன தவளை இதுதானா என்று பார்க்க வேண்டியிருந்தது. சில சரியாக அமர்ந்தன. குடகில் பாகமண்டலத்துச் சதுப்பிலிருந்து அவர் 1920-ல் விவரித்த ஒரு தவளை 90 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கிடைத்தது. சில பெயர்கள் இன்றும் எந்தத் தவளையின் மேலும் உட்கார முடியாமல் அலைகின்றன. ஒரு ஆசிரியனாக என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. நாங்கள் இங்கே ‘அழகிய’, ‘சிறிய’, ‘ஒருவித’ என்று போட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கே ‘செவிப்பறை கண்ணில் பாதி’ என்ற ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உயிரினத்தின் அடையாளமே தொங்குகிறது.

ராவ் 1960-ல் காலமானார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010-ல், பிஜுவும் கூட்டாளிகளும் ஆனைமுடியின் உச்சியில் ஒரு விசித்திரத் தவளையை விவரித்தார்கள். மரத்தவளைக் குடும்பம், ஆனால் மரமே ஏறாது. 2,695 மீட்டர் உயர மலைமுடியின் புல்லுக்கடியில், குட்டைக் கால்களோடு, பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில், தரையில் நகர்ந்து திரியும். அந்தக் கட்டுரையிலேயே, தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவரும் புதர்த்தவளைகளில் ஒரு பெருங்கூட்டத்தைப் பிரித்து, ‘ராவோர்கெஸ்டிஸ்’ என்று புதிய பேரினமாக வைத்தார்கள். முன்பாதி ராவ். கட்டுரை வெளியான இதழ் எது தெரியுமா? ‘கரண்ட் சயன்ஸ்’. எந்த ஆசிரியருக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

ராவின் எழுத்து மட்டும் மிஞ்சியதற்கு நேர் எதிரான கதை இலங்கையில் நடந்தது. அங்கே மாதிரிகள் மிஞ்சின, தவளைகள் போய்விட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையகத்திலிருந்து சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய புதர்த்தவளைகளை, ரோஹன் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் அருங்காட்சியகப் புட்டிகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். இன்று காட்டில் இருக்கும் எந்தத் தவளையோடும் பொருந்தாதவை அவற்றில் பல. சில பெயரே வைக்கப்படாமல் அழிந்துபோனவை! 2005-லும் 2007-லும் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். காட்டையழித்துக் காப்பியும் தேயிலையும் போட்ட மலைகள் அவை. தோட்டத்தில் கொழுந்து பறிக்க நம் மக்களைக் கொண்டுபோய் இறக்கிய அதே மலைகள், அதே நூற்றாண்டு. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் ஒரே தாளில் எழுதப்பட்ட இனங்கள் என்று அவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அதே தீவில் மறுபக்கமும் உண்டு. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1853-ல் விவரித்த, நட்சத்திரம் தெளித்தாற்போலப் புள்ளி கொண்ட புதர்த்தவளையை அதன் பிறகு யாரும் காணவில்லை. அழிந்த இனம் என்று பட்டியலில் போட்டார்கள். 2009-ல் சிவனொளிபாத மலைக் காட்டில் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு அதைக் கண்டது. கெலார்ட் புள்ளியை எழுதாமல் விட்டிருந்தால் அதற்குப் புதுப் பெயரே வைத்திருப்பார்கள்.

பெயரிட்டதோடு விவரிப்பு முடிந்துவிடுகிறதா? களக்காடு முண்டந்துறையில் ஒரு சின்னப் பச்சைப் புதர்த்தவளை இருக்கிறது. குந்தர் என்ற அறிஞர் லண்டனில் உட்கார்ந்தபடி, கைக்கு வந்த மாதிரியைப் பார்த்து 1876-ல் அதை விவரித்தார். அது எப்படி வாழ்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. 2014-ல்தான் சேஷாத்ரியும் கூட்டாளிகளும் அதை எழுதினார்கள்: ஒல்லி மூங்கிலின் கணுவிடையில் பூச்சியோ எலியோ போட்ட சிறு துளை வழியாக உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது, உள்ளே முட்டை, காவல் இருப்பது ஆண். மூங்கிலை எப்போது, எப்படி வெட்டலாம் என்று முடிவெடுக்கும் வனத்துறைக்கு இந்தச் செய்தி இல்லாமல் வெறும் லத்தீன் பெயர் என்ன உதவி செய்யும்?

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்கவும் இடமுண்டு. கேரளத்தின் சதுப்புக் காட்டு மரத்தவளை ஒன்றுக்கு 2013-ல் ‘மெர்குரானா’ என்று பேரினப் பெயர் வைத்தார்கள், ராக் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் நினைவாக. அவர் பள்ளியில் படித்த பஞ்ச்கனி இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. வியட்நாமில் ஹோசிமின் நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கிடைத்த பெரிய பறக்கும் தவளைக்கு ஜோடி ரௌலி தன் தாயார் ஹெலனின் பெயரைக் கொடுத்தார். மடகாஸ்கரில் விசில் அடிப்பது போலக் கூப்பிடும் ஏழு தவளைகளுக்கு 2024-ல் ‘ஸ்டார் டிரெக்’ கப்பல் தலைவர்களின் பெயர்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் கிடையாது. அரசியலுக்கு வராத நல்ல பழக்கம்.

பெயரில் பந்தயமும் நடக்கும். ஜெர்டன் பிடித்து, அதன் பிறகு காணாமல் போயிருந்த இன்னொரு மரத்தவளை வடகிழக்கு இந்தியாவில் மரப்பொந்துகளில் மீண்டும் கிடைத்தது. தாய்த் தவளை தன் தலைப்பிரட்டைகளுக்குத் தானே முட்டையிட்டு ஊட்டுகிறது என்பதைக் கண்டு, பிஜு குழுவினர் 2016 ஜனவரியில் ‘ஃபிராங்கிக்ஸாலஸ்’ என்று புதிய பேரினம் அறிவித்தார்கள். அதே மாதம், சற்று முந்தி, திபெத்துத் தவளையொன்றை வைத்துச் சீன அறிஞர்கள் ‘நசுடிக்ஸாலஸ்’ என்று அறிவித்திருந்தார்கள். பின்னர் பார்த்தால் இரண்டும் ஒரே பேரினம். முந்தியவர் பெயர் நின்றது. அச்சுக்குப் போக ஒரு நாள் தாமதமானால் என்ன என்று கேட்கும் எங்கள் உதவி ஆசிரியர்களுக்கு இதை வெட்டி ஒட்டிவைக்கிறேன்.

இப்போது தென்காசிச் சிறுமிக்கு. அடுத்த முறை தவளையைப் பார்த்தால் புட்டியில் பிடித்துப் போடாதே. கூப்பிடுகிறதா என்று காத்திருந்து கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் வெளியே போய் அடிவயிறும் விரல் சவ்வும் தெரிய ஒரு படம். தேதி, நேரம், இடம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தச் செடி. இவற்றை ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’ அல்லது ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் தேரைதான் என்பார்கள். தேரை எங்கே, எந்த மாதம் கூப்பிடுகிறது என்பதும் எழுதிவைக்க வேண்டிய செய்திதான்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வால்பாறை, கூடலூர், கொடைக்கானல், களக்காடு, ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்கள், தோட்டத்திலும் காட்டிலும் வேலை செய்தவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். மரத்தில் ஏறும் தவளைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், அது கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று சொல்வார்கள், முன்பு கேட்டு இப்போது கேட்காத குரல் எது? ‘ஒருவித’ என்ற சொல் இல்லாமல் எழுத வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். போதாவிட்டால் என் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்